கொழும்பு மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்: எங்கள் கடையின் பெயரைத் தேடித் தாருங்கள்

மதிப்புக்குரிய மாநகர முதல்வர் அவர்களுக்கும், மாநகர சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

என்னிடம் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். நீல மட்டை, நடுவில் நூல் தைத்தது. மட்டையில் என் அப்பாவின் பெயரும் 1983 என்ற ஆண்டும் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளே நாளுக்கு ஒரு வரி. 'தோ 2, வ 1, தே 1' என்றால் தோசை இரண்டு, வடை ஒன்று, தேநீர் ஒன்று. வலப்பக்கம் தொகை. மாத முடிவில் ஒரு கோடு, கோட்டின் கீழே கூட்டுத்தொகை, அதன் குறுக்கே சாய்வாக 'வரவு' என்ற சொல். ஜனவரி முதல் ஜூன் வரை இப்படியே போகிறது. ஜூலைப் பக்கத்தின் கடைசி வரி 24ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை வீட்டார் நால்வரும் போயிருந்தோம். 'இட் 10, வ 4, தே 3, பால் 1'. பால் என் தங்கைக்கு. அதற்குக் கீழே கோடு இல்லை, கூட்டுத்தொகை இல்லை. அந்த மாதக் கணக்கை நானே பலமுறை கூட்டிப் பார்த்திருக்கிறேன். 87 ரூபாய் 75 சதம்.

மறுநாள், தமிழருக்கு எதிரான ஜூலை வன்முறையில், அந்தக் கடை எரிந்துவிட்டது.

அந்தக் கடையின் பெயர் எனக்குத் தெரியாது. உங்களுக்கு இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். பத்தொன்பது வயது வரை அங்கே சாப்பிட்டு வளர்ந்தவனுக்குப் பெயர் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் அது 'ஐயா கடை'. அம்மா 'சந்திக் கடை' என்பார். பெயர்ப் பலகையைப் பார்த்து உள்ளே போனவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான். கொப்பியின் உள்மட்டையில் ஒரு ரப்பர் முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஊதா மை ஊறிப் பரவி, கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன: 'விலாஸ்'. அந்தக் காலக் கொழும்பில் விலாஸ் என்று முடியும் கடைகள் எத்தனை இருந்திருக்கும்! முன்பாதி இல்லாமல் அதை வைத்து எதைத் தேடுவது?

காலி வீதியின் கடல் பக்கம், வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்கு இறங்கும் வீதிக்குச் சற்றுத் தெற்கே அது இருந்தது. இரண்டு கதவு அகலம். வாசலில் கண்ணாடி அலுமாரி. அதன் மேல்தட்டில் லட்டு, மஸ்கட், பூந்தி. கீழ்த்தட்டில் உளுந்து வடை, கடலை வடை, சூசியம், வாய்ப்பன். உள்ளே மாபிள் பதித்த ஆறு மேசைகள், முதுகு வளைந்த மரக் கதிரைகள், சுவரோரம் ஒரு நீள வாங்கு. உட்கார்ந்தவுடன், நாம் கேட்காமலே ஒரு பெரிய தட்டில் பத்துப் பன்னிரண்டு வடைகள் மேசைக்கு வந்துவிடும். எடுத்ததற்கு எண்ணிக் காசு. எடுக்காதவை அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை தின்றோம் என்று நாம் சொல்வதே கணக்கு. பரிமாறுபவர் அதை உரத்த குரலில் பணமேசைக்குச் சொல்வார். அங்கே அது எழுதப்படும்.

கை துடைப்பதற்குச் சதுரமாக வெட்டிய பழைய தாள்கள் ஒரு தகரப் பேணியில் இருக்கும். வீரகேசரி, தினகரன், சில நாட்களில் ஏதோவொரு கந்தோரின் பழைய லெட்ஜர். எழுத்துக் கூட்டி வாசிக்க நான் பழகியது அந்தச் சதுரங்களில்தான். செய்தி எப்போதும் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். மீதியை அப்பாவிடம் கேட்பேன். அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்து மேசையில் யாராவது சொல்வார்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து, அறை ஒன்றை நான்கு பேராகப் பிடித்துத் தங்கியிருந்த கிளாக்கர்மார். அறையில் கட்டிலுக்கு மட்டும்தான் இடம். வாசிப்பது, வாதாடுவது, கடிதம் எழுதுவது, இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்பது எல்லாம் கடையில் நடந்தன. மாலையில் ஒரு பிளேன்டீயோடு இரண்டு மணி நேரம் இருந்தாலும் யாரும் எழும்பச் சொல்ல மாட்டார்கள். இன்று வெள்ளவத்தையில் அன்றைக்கு இருந்ததைவிடக் கூடுதலான சைவக் கடைகள் இருக்கின்றன என்றே நினைக்கிறேன். தோசையும் குறை சொல்ல முடியாத தோசை. ஆனால் கை கழுவிவிட்டு வருவதற்குள் நம் கதிரையில் வேறொருவர் இருக்கிறார். இந்த வாடகையில் கடைக்காரர் வேறென்ன செய்வார்?

இப்போது உங்கள் சபை சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

பணமேசைக்கு மேலே சுவரில் முருகன் படம், இலட்சுமி படம், ஒரு நாட்காட்டி. அவற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள். சிறுவயதில் அந்தச் சுவரில் இருந்த மற்ற எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன், அதை மட்டும் வாசித்ததில்லை. அது உங்கள் சபை கொடுத்த உரிமம். ஒவ்வொரு ஆண்டுத் தொடக்கத்திலும் கணக்கப்பிள்ளை ஐயா முக்காலியில் ஏறி அந்தச் சட்டத்தை இறக்குவார். பின்னால் இருக்கும் ஆணிகளை திருப்புளியால் நெம்பி எடுத்து, புதிய உரிமத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். பழையதை எறிய மாட்டார். அது புதியதன் பின்னாலேயே இருக்கும். இப்படி வருடா வருடம் சட்டம் தடித்துக்கொண்டே போய், பின்பலகை பொருந்தாமல், கடைசியில் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். "ஏன் ஐயா பழசையும் வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒருநாள் கேட்டேன். "தம்பி, இது கடையின் சாதகம். சாதகத்தைக் கிழிக்கலாமா?" என்றார்.

அந்தச் சாதகம் முழுவதும் ஒரே சட்டத்துக்குள் இருந்ததால் முழுவதும் ஒரே நாளில் எரிந்தது. ஆனால் உரிமம் என்பது இரண்டு பக்கம் உள்ள விஷயம் அல்லவா? கொடுத்தவர் கையிலும் ஒரு பதிவு இருக்கும். உரிமம் எடுக்காமல் சாப்பாட்டுக் கடை நடத்த உங்கள் துணைவிதிகள் இடம் கொடுத்ததில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்றால் மேசைகளைச் சீயாக்காய் போட்டுத் தேய்த்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சோலைவரி கட்டிய துண்டுகள் லாச்சிக்குள் கம்பியில் குத்தியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எங்கள் கடையின் பெயரும், அதை நடத்தியவரின் பெயரும், அது தொடங்கிய ஆண்டும் ஏதோவொரு தடித்த பதிவேட்டில், யாரோ ஓர் எழுதுவினைஞரின் அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவேடுகளைத் திறந்து தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கடைகள் 1983இல் மட்டும் மறையவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சைவக் கடைகளின் கதை என்றால் எல்லோரும் ஜூலைக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கு முன்னரே அவை ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு பண்டமாகக் குறைந்துகொண்டு வந்தன.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1973இல், நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. வாரத்தில் இரண்டு நாட்கள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு பரிமாறக் கூடாது என்று அரசு தடை போட்டது. மிளகாய், வெங்காய இறக்குமதிக் கட்டுப்பாடு யாழ்ப்பாணத்து விவசாயியின் கையில் நாலு காசு சேர்த்தது. அதே கட்டுப்பாடு கொழும்பில் எங்கள் முதலாளி ஐயாவின் நித்திரையைக் கெடுத்தது. பருப்பு கிடைக்காத வாரங்களில் கண்ணாடி அலுமாரியில் கௌபி வடை இருந்தது. இடியப்பம் குரக்கன் நிறத்தில் வந்தது. பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ஆட்கள் நேரே கடைக்கு வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு பானை கஞ்சி இருந்தது. அதற்குக் காசு கேட்டு நான் பார்த்ததில்லை. கடன் கொப்பியிலும் 'கஞ்சி' என்று ஒரு வரியும் எழுதிய வழக்கம் இல்லை என்று அப்பா சொல்வார்.

தோசைக்கல்லில் நின்றவர் போனது 1975இல். 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் கைச்சாத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினரை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இது மலையகத் தோட்டங்களின் கதை என்றே பலரும் நினைக்கிறார்கள். தோட்டத் தொழிலாளரே பெருந்தொகை, உண்மை. ஆனால் கொழும்பின் சமையற்கட்டுகளில் நின்றவர்களும் அந்தக் கணக்குக்குள் அடங்கினார்கள். எங்கள் தோசைக்காரர் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். இருபது வருடங்களுக்கு மேல் வெள்ளவத்தையில் வாழ்ந்தவர். தலைமன்னார் ரயிலில் அவரை ஏற்றிவிட அப்பா கோட்டை ரயில் நிலையத்துக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். அவர் கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்கு மேலே கடதாசியில் சுற்றிய நீளமான ஏதோவொன்று. "என்ன அது?" என்று கேட்டேன். சுற்றைப் பிரித்துக் காட்டினார். தட்டகப்பை. பிடி அவருடைய விரல்களுக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. "வேறு கரண்டி என் கைக்கு வராது, தம்பி" என்றார். அடுத்த ஞாயிறு கடைக்குப் போனோம். தோசை வந்தது. அப்பா ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தின்று முடித்தார். அந்தத் தோசை இன்னும் எட்டு வருடங்கள் அந்தக் கடையில் கிடைத்தது. நாங்களும் பழகிவிட்டோம்.

பிறகு ஜூலை. நடந்தவை எழுதப்பட்டிருக்கின்றன, நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியது. அந்த வீட்டு அம்மா கதவடியில் கதிரையைப் போட்டு இருந்தார். பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலை மண்டபம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. அப்பாவின் சட்டைப் பையில் இந்தக் கொப்பி இருந்தது. ஞாயிறு காலை கடையில் எழுதுவித்துப் பையில் போட்டவர், திங்களன்றும் அதே சட்டையோடு ஓடியிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து தப்பிய எழுத்து இது ஒன்றுதான்.

1984இல் திரும்பி வந்தபோது கடை இருந்த இடத்தில் கரிபிடித்த சுவர் இருந்தது. மாபிள் மேசையின் ஒரு துண்டு வாசலில் படிக்கல்லாகக் கிடந்தது. முதலாளி ஐயா திருச்சியில் அகதியாக இருக்கிறார் என்றார் ஒருவர். ஊருக்கே போய்விட்டார் என்றார் இன்னொருவர். எந்த ஊர்? காரைநகர் என்பார் அப்பா, புங்குடுதீவு என்று அடித்துச் சொல்வார் அம்மா. மூன்றாவது ஒருவர் சொன்னதை அப்பா கடைசிவரை நம்ப மறுத்தார். 87 ரூபாய் 75 சதத்தை ஒரு கடித உறைக்குள் போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தார். 1998இல் அவர் காலமாகும்வரை உறை அங்கேயே இருந்தது. இப்போது என் அலுமாரிக்குள் இருக்கிறது.

அந்தச் சுவரும் பிறகு இடிந்தது. இன்று அங்கே ஏழு மாடித் தொடர்மாடி. கீழே கைத்தொலைபேசிக் கடை. இடிக்கும்போது மண்ணுக்குள் கிடந்த எனாமல் தகடு ஒன்றை ஒரு மேசன் எடுத்துக் கொடுத்தார். உங்கள் சபையின் மதிப்பீட்டு இலக்கத் தகடு. அந்த இலக்கத்தை இந்த மடலில் எழுதவில்லை, அங்கே இன்று வேறு மனிதர்கள் குடியிருக்கிறார்கள். உங்கள் கந்தோரில் கேட்டால் தருகிறேன். பெயர் தெரியாத கடைக்கு இலக்கம் தெரிகிறது. பதிவேட்டில் விரலை வைத்துத் தேட இது போதாதா?

இந்த நகரத்துக்கு நினைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோட்டையில் 1884இல் தொடங்கிய பகோடா தேநீர்ச் சாலையைப் பற்றியும், பம்பலப்பிட்டிச் சந்தியில் இருந்த லயன் ஹவுஸைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பலர். வாசிக்கும்போது எனக்கும் மகிழ்ச்சிதான். கொம்பனித்தெருவில் ரியோ திரையரங்கை 1965இல் ஒரு தமிழ்க் குடும்பம் திறந்தது, அது 1983இல் எரிந்தது. எரிந்த கட்டடம் நின்றதால் கலைஞர்கள் உள்ளே போய்க் கண்காட்சி வைத்தார்கள், அதன் கதை உலகம் முழுவதும் தெரிந்தது. ரியோவில் படம் முடிந்து வந்து, பக்கத்து முஸ்லிம் கடையில் அம்மாவுக்குச் சொல்லாமல் கொத்து ரொட்டி தின்ற இரவுகள் எனக்கு உண்டு. அந்தக் கடை எங்கே? அதே தெருக்களில் குளிர்ச் சோடா வாசம் வீசிய எலிபன்ட் ஹவுஸ் தொழிற்சாலைக் காணியில் இன்று வானத்தைத் தொடும் விடுதி. வெள்ளவத்தை நெசவாலைக் காணியில் ஹவ்லொக் சிட்டி. நெசவாலைக்கு ஊர்ச் சரித்திரத்தில் ஒரு பந்தி இருக்கும். சங்கு ஊதியதும் வெளியே வந்த தொழிலாளருக்குத் தேநீர் ஊற்றிய கடைகளுக்கு ஒரு வரியும் இல்லை. ரயில் பாதையோரம் எங்கள் கூட்டம் மாலையில் குந்தியிருந்த கற்சுவருக்கும் இல்லை. அதைக்கூட விடுகிறேன், சுவருக்கு நீங்கள் உரிமம் கொடுக்கவில்லை. கடைக்குக் கொடுத்தீர்கள்.

ஆகவே கேட்கிறேன். 1983க்கு முற்பட்ட சாப்பாட்டுக் கடை, தேநீர்க் கடை, பேக்கரி உரிமப் பதிவேடுகளில் எஞ்சியிருப்பவற்றை ஒழுங்குபடுத்தி, பிரதி எடுத்து, பொது நூலகத்தில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். நகர மண்டபத்திலிருந்து நூலகம் பூங்காவைக் கடந்தால் வந்துவிடும். 1925இல் தொடங்கிய அந்த நூலகம் நூறு வருடம் கடந்துவிட்டது. அதன் நூற்றாண்டுக்கு இதைவிடப் பொருத்தமான வரவு கிடைக்காது. பக்கத்திலேயே ஒரு மேசை போடுங்கள். யாரிடமாவது பழைய பில், புகைப்படம், கல்யாணச் சாப்பாட்டு ரசீது, என்னுடையதைப் போன்ற கொப்பி இருந்தால் கொண்டு வந்து காட்டட்டும். படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். தமிழ்க் கடை மட்டும் வேண்டாம். கொம்பனித்தெரு மலாய்க் கடையும், மருதானைப் பிரியாணிக் கடையும், எங்களைப் பூட்டிக் காத்த அந்த அம்மா கிரிபத் வாங்கிய சந்துக் கடையும் அதே பதிவேட்டில்தான் இருக்கும். மூன்று மொழியிலும் செய்யுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் என் கடைக்காக மட்டும் நான் தனியே விண்ணப்பிக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் டொரொன்டோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இதே கேள்வியோடு வயதாகிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் செல்லமஹாலுக்குப் போகும் வழியில் போளி வாங்கிய கடை எது, செட்டியார் தெருவில் ஆடிவேல் தேர் புறப்படும் நாளில் மோர் ஊற்றிய கடை எது என்று தொலைபேசியில் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விண்ணப்பம் போட முடியாது. பலருக்குக் கடையின் இலக்கமும் தெரியாது. திறந்த பதிவேட்டில் ஒரு பெயரைக் கண்டால் மட்டுமே "இதுதான், இதுதான்" என்று அவர்களுக்குப் பிடிபடும்.

ஓர் அரச அலுவலகத்தில் இதைப் பற்றி விசாரித்தபோது, "அந்தக் காலப் புத்தகங்களைக் கரையான் தின்றிருக்கும், ஐயா" என்று ஒரு இளைஞர் அன்பாகவே சொன்னார். தின்றிருக்கலாம். தின்றது போக மிச்சம் என்ன என்று யாராவது ஒருவர் விளக்கைப் போட்டுப் பார்த்தாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். கரையான் காத்திருக்காது. எனக்கும் அறுபது கடந்துவிட்டது.

பதிவேடு திறக்கும் நாளில் கொப்பியையும், தகட்டையும், அந்தக் கடித உறையையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். முதலாளி ஐயாவின் பெயர் தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ தேடிப் பிடித்துவிடலாம். எங்கள் சனம் அப்படி. ஜூலைப் பக்கத்தின் அடியில் கோடு போட்டுத் தொகையை நான் எழுதுவேன். குறுக்கே 'வரவு' என்று எழுதுவதற்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைவாசி ஒருவர்